பதினாலாம் மாடிக்கு நூற்றுப் பதினாறு விநாடி

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவர், லிப்ட் பழுதுபார்க்கிற இரண்டு பேர் கிதார்க் கலைஞர்களுக்காக அடித்துக்கொண்டதைச் சொல்லிச் சிரித்தார். விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.*

(* இது பொய். ஐந்தாம் பகுதியில் திருத்திக்கொள்கிறேன். அதுவரை நம்பிக்கொண்டு வாருங்கள்.)

எழுத உட்கார்ந்தால் தொடக்கம் பிடிகொடுக்கவில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

"உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். மின்னலைக் கேட்பவர்கள், மகானைக்—"

வேண்டாம். இப்படித் தொடங்குகிற எதையும் நானே படிக்க மாட்டேன். அடுத்தது:

"லிப்ட் ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவே—"

நிற்கவே இல்லை. இந்தக் கதையில் லிப்ட் எங்கேயும் பாதியில் நிற்பதில்லை. உங்களைப் பயமுறுத்த எனக்கு ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான். மூன்றாவதாக எழுதியது:

"அத்தான் அவனோடு பேசிப் பதினைந்து நாளாகிறது."

இது பரவாயில்லை. இங்கிருந்தே போவோம்.

2

அவன் லிப்ட் மெக்கானிக். வயது முப்பத்து நாலு. அத்தான் அவனுடைய அக்கா கணவர். அதே கம்பெனியில் மூத்த மெக்கானிக். அவனுக்கு வேலை கற்றுக் கொடுத்தவரும் அவர்தான் என்று எழுதி அடித்துவிட்டேன். அவன் பயிற்சிப் பள்ளியில் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். அந்தச் சான்றிதழ்தான் இந்தக் கதையில் பறிபோகப் பார்க்கிறது, மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அக்காவும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். புகார் சொல்ல நீங்கள் போன் செய்தால் எடுப்பவள் அவள்.

அத்தான் மின்னல் கட்சி. மெக்கானிக் மகான் கட்சி. இருவரும் ராக் கிதார் வாசிப்பவர்கள். உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இங்கேயே புத்தகத்தை மூடிவிடுவீர்கள். மின்னல் என்பவர் ஒரு மூச்சில் நாற்பது சுரம் வாசிப்பார். மகான் ஒரே சுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார், கேட்பவனுக்கு ஏதோ ஆகும்வரை விடமாட்டார். மகான் என்பது அவருடைய ரசிகர்கள் வைத்த பெயர். எதிர்க்கட்சியில் அவருக்கு இழுவை என்று பெயர்.

அக்காவிடம் கேட்டால், "ரெண்டு பேருமே கம்பியத்தான் நோண்டறாங்க, இதுல என்ன பெரியவன் சின்னவன்" என்பாள்.

சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் நடந்தது. பதினாலு மாடிக் குடியிருப்பு ஒன்றின் செயலாளர் லிப்டுக்குள் பாட்டு வைக்கச் சொல்லியிருந்தார். வேலை இவர்களுக்கு வந்தது. யார் பாட்டு என்பதுதான் கேள்வி.

"கீழேருந்து பதினாலுக்கு நாப்பது செகண்டு" என்றார் அத்தான். "என் ஆளோட தனி வாசிப்பு முப்பத்தெட்டு. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. உன் ஆளு வாசிக்க ஆரம்பிச்சா, சனங்க இறங்கி, சமைச்சு, சாப்பிட்டு, படுத்துருவாங்க."

"நூத்துப் பன்னெண்டாவது செகண்டுல வருது பாருங்க கடைசிச் சுரம். அதுக்கு முன்னாடி எல்லாமே அதுக்குத்தான் அத்தான்."

"அந்தச் சுரத்தத்தானே போன மாசம் மேடையில கோட்டை விட்டார்?"

அத்தான் போனை எடுத்து அந்தக் காணொளியைக் காட்டினார். மகானுக்கு எழுபது தாண்டிவிட்டது. விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கிறது. கடைசிச் சுரத்தை அழுத்தப் போய், விரல் நழுவி, வெறும் கம்பிச் சத்தம் மட்டும் வந்தது. அத்தான் சிரித்தார். மெக்கானிக் அந்தக் காணொளியை ஏற்கெனவே பார்த்தவன். பார்த்துவிட்டு அன்று சாப்பிடாமல் இருந்தவன். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு வேகம் ஒண்ணுதான் தெரியும். கல்யாணமாகி ஒம்போது வருசத்துல அக்காகிட்ட ஒரு வாக்கியத்த முழுசா பேசி முடிச்சிருக்கீங்களா நீங்க?"

அக்கா சிரித்துவிட்டாள். கொஞ்சம் சத்தமாகவே.

மைத்துனன் சொன்னதை அத்தான் மறந்திருப்பார். மனைவி சிரித்ததுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை.

3

(இந்தப் பகுதியில் மெக்கானிக்கைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவனை அப்பாவியாக எழுதினேன். அப்பாவி செய்கிற காரியமா இது? நீங்களே பாருங்கள்.)

செவ்வாய்க்கிழமை அவன் மட்டும் அந்தக் குடியிருப்புக்குப் போனான். ஒலிபெருக்கியைப் பொருத்தினான். மகானின் தனி வாசிப்பை ஏற்றினான். கதவு மூடியதும் பாட்டு தொடங்கும், கதவு திறந்ததும் நின்றுவிடும். ஒருமுறை ஏறிப் பார்த்தான். நாற்பது விநாடியில் பதினாலாம் மாடி வந்து, மகான் அப்போதுதான் தொண்டையைச் செருமிக்கொள்கிற இடத்தில், கதவு திறந்துவிட்டது.

வேறொருவனாக இருந்தால் சின்னப் பாட்டாகத் தேடியிருப்பான். இவன் மொட்டைமாடியில் இருக்கிற இயந்திர அறைக்குப் போய், லிப்டின் வேகத்தைக் குறைத்துவிட்டான்.

பதினாலு மாடிக்கு நூற்றுப் பதினாறு விநாடி. மகானின் வாசிப்பு எவ்வளவோ, அவ்வளவு.

ஒரு லிப்ட் மெக்கானிக் செய்யக் கூடாத காரியங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. சோம்பல், குடி, திருட்டு எல்லாம் அதில் உண்டு. ரசனைக்காக வேகத்தை மாற்றுவது இல்லை, ஏனென்றால் அப்படி ஒருவன் கிளம்புவான் என்று பட்டியல் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால் பதினோரு நாள் யாரும் புகார் செய்யவில்லை. பாட்டு வைத்ததால்தான் நேரம் நீளமாகத் தெரிகிறது என்று வாசல் காவலாளி எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். அதைப் பலர் ஒப்புக்கொண்டார்கள். ஏழாம் மாடிக்காரர் லிப்டிலேயே செய்தித்தாளை முடிக்க ஆரம்பித்தார். ஒன்பதாம் மாடித் தம்பதி வேறு வழியில்லாமல் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள்.

4

அந்தப் பதினோரு நாளும் அத்தானும் அவனும் மற்றக் கட்டடங்களில் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். ஒருவர் இயந்திர அறையில். இன்னொருவர் லிப்ட் கூண்டின் கூரைமேல், இருட்டில், கம்பிவடங்களுக்கு நடுவே. மேலே இருப்பவர் சொல்லாமல் லிப்டை நகர்த்தினால் கூரைமேல் இருப்பவன் நசுங்கிப் போவான். எப்போதும் கத்திச் சொல்லிக்கொள்வார்கள். இப்போது பேச்சில்லையே, அதனால் இரும்பில் தட்டினார்கள். ஒரு தட்டு மேலே, இரண்டு தட்டு கீழே, மூன்று தட்டு: நகர்த்தப் போகிறேன், பார்த்துக்கொள்.

ஒரு நாள்கூட அத்தான் மூன்று தட்டுத் தட்டாமல் லிப்டை நகர்த்தவில்லை. தட்டிவிட்டுப் பதில் தட்டு வரும்வரை காத்திருப்பார். வீட்டில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவார். மெக்கானிக்குக் கூரைமேல் தனியாக இருக்கும்போது அழுகை அழுகையாக வந்தது. இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் மகான் தோற்றதாக ஆகிவிடும் என்று பயந்தான்.

5

இப்போது முடிதிருத்தும் கடை விஷயம்.

அப்படி ஒரு கடை இல்லை. நுரை முகமும் இல்லை. அந்தக் குடியிருப்பின் பதினாலாம் மாடியில் இருப்பவன் நான். புகார் எழுதிய ஆளும் நான்தான்.

கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. "லிப்ட் மெதுவாகப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நூற்றுப் பதினாறு விநாடி வாசிப்பில் கடைசி நாலு விநாடி வருவதற்குள் கதவு திறந்துவிடுகிறது. ஆவன செய்யவும்." அவன் செய்த பிசகு அதுதான். பொத்தானை அழுத்தியதிலிருந்து எண்ணியிருக்கிறான். பாட்டோ கதவு மூடிய பிறகுதான் தொடங்குகிறது. மூடுவதற்கு நாலு விநாடி.

கடிதத்தைச் செயலாளர் கம்பெனி முதலாளிக்கே அனுப்பிவிட்டார். நூற்றுப் பதினாறு என்ற எண்ணை நான் எழுதாமல் இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. விவரம் கேட்க அக்கா எனக்குப் போன் செய்தாள். எண்ணைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். தம்பி வாயிலிருந்து அவள் நூறு முறை கேட்ட எண் அது.

"அது என் தம்பி வேலைங்க" என்றாள். பிறகு நாற்பது நிமிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். வீட்டில் சரியாகப் பேச ஆள் இல்லாததால் அவளிடம் பேச்சு நிறைய மிச்சமிருந்தது. "முதலாளி இவரத்தான் அனுப்பறாரு. படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. வேணும்னே மாத்தினதுன்னு எழுதினா தம்பி சான்றிதழ் போச்சு. தானா வந்த பழுதுன்னு எழுதி மாட்டிக்கிட்டா இவரோடது போச்சு. எந்த நேரத்துல அந்தச் சிரிப்பு சிரிச்சனோ தெரியல."

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் மின்னல் கட்சி. இருபத்தைந்து வருஷமாக. மகானை இழுவை என்றுதான் சொல்லிவந்தேன். அந்தப் பதினோரு நாளில் படி வழியாக இறங்கி லிப்டில் ஏறியது எத்தனை முறை என்று என் முழங்காலைக் கேளுங்கள்.

6

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அத்தான் வந்தார், கையில் படிவத்தோடு. அவன் இரண்டடி பின்னால் வந்தான். நான் கறிகாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு, தற்செயலாக வந்தவன்போல, அவர்களோடு லிப்டில் ஏறினேன். (தற்செயலா? ஒன்பது மணியிலிருந்து கீழேயே நின்றேன்.)

கதவு மூடியது. மகான் தொடங்கினார். மூவரும் மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று. நான்கு. ஐந்து வருவதற்குள் எனக்குக் கை வலித்துப் பையைக் கீழே வைத்தேன். பதினொன்றில் அத்தானின் கட்டைவிரல் படிவத்தின் விளிம்பில் அசைவதைப் பார்த்தேன். தாளம் தப்பாமல் அசைந்தது. கேலி செய்வதற்காகவே கேட்டுக் கேட்டு மனிதருக்கு எதிரியின் பாட்டு மனப்பாடமாகியிருக்கிறது.

பதினாலு. மகான் மூச்சை இழுத்துக் கடைசிச் சுரத்துக்குப் போகிறார். கதவு திறந்தது. பாட்டு நின்றது.

அத்தானின் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. அவர் திரும்பி, பதினைந்து நாளில் முதல் தடவையாக, மைத்துனனைப் பார்த்தார்.

"கடைசிச் சுரம் எங்கடா?"

"கதவு மூடற நேரத்தக் கணக்குல விட்டுட்டேன் அத்தான்."

"நாலு செகண்டு. நாலு செகண்டக் கணக்குப் போடத் தெரியாதவனெல்லாம் லிப்டத் தொடலாமா?"

"தப்புதான்."

"எது தப்பு?"

"அன்னிக்கு உங்கள அப்படிப் பேசினது."

அத்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "கீழ போய் நில்லு, மாப்ளே. நான் சொன்னதும் மேல வா" என்றார். அவன் இறங்கிப் போனான்.

7

நான் சாவியைத் தேடுவதுபோல என் கதவருகே நின்றேன். அத்தான் மொட்டைமாடிப் படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"கடிதம் எழுதினது நீங்கதானே?"

தலையாட்டினேன்.

"எந்தக் கட்சி?"

"மின்னல்."

"நானும்தான்" என்றார், சர்க்கரை நோயை ஒப்புக்கொள்கிற குரலில். சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். "பேனா இருக்குங்களா?"

கொடுத்தேன். இந்தக் கதையை அதுவரை எழுதிய பேனா அதுதான்.

8

முடிவுக்கு மூன்று வழி எழுதிப் பார்த்திருந்தேன்.

(அ) அத்தான் உள்ளதை உள்ளபடி எழுதுகிறார். அவனுக்குச் சான்றிதழ் போகிறது. அக்கா இருவரோடும் பேசுவதை நிறுத்திவிடுகிறாள். ஊரில் எந்த லிப்ட் நின்றாலும் போனை எடுக்க—

(ஆ) "தானாக வந்த பழுது, சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். பிறகு ராத்திரியெல்லாம் தூங்காமல்—

(இ) மேலே போகும்போது மகான், கீழே வரும்போது மின்னல், எல்லோரும் கைகோத்து... இதை அடித்துவிட்டேன். நான் இன்னும் அவ்வளவு கெட்டுப்போகவில்லை.

நடந்தது இதுதான். நானும் பாதிப் படி ஏறி நின்றேன். இயந்திர அறையில் அத்தான் ஏதோ செய்யும் சத்தம் கேட்டது. படிவம் புரளும் சத்தம் கேட்டது. என் பேனா கீறும் சத்தமும் கேட்டது. எழுதியது சின்னச் சொல்லா பெரிய சொல்லா என்று தெரியவில்லை. பிறகு இரும்பில் மூன்று தட்டு. கீழே இருந்து பதில் தட்டு வரும்வரை காத்திருந்தார். பிறகு போனில், "ம், வா மாப்ளே."

நான் இறங்கி வந்து லிப்ட் கதவுக்கு முன்னால் நின்று எண்ண ஆரம்பித்தேன். நாற்பதில் திறந்தால் வேகத்தை ஒழுங்காக்கிவிட்டார், மகான் இனி இந்தக் கட்டடத்தில் பாதியிலேயே இறங்கிக்கொள்வார். நூற்றிருபதில் திறந்தால் அந்த நாலு விநாடியைச் சேர்த்துவிட்டார், இரண்டு சான்றிதழுக்கும் ஆபத்து. இருபத்தைந்து வருஷ மின்னல் கட்சிக்காரன் நான், எது வேண்டும் என்று என்னை யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

இதற்கு மேல் எழுத வழியில்லை. பேனா அவரிடம் இருக்கிறது. நீங்கள் எண்ணிக்கொண்டிருங்கள்.