பாதத்துக்குக் கரைத்த மஞ்சள்

பித்தளைப் போணியில் இருந்த தண்ணீரில் மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்த அழகம்மாளின் கை பாதியில் நின்றது.

உள்ளே சத்தத்தைக் காணோம்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்று சொல்லி அனுப்பிய நாளிலிருந்து அந்த மூச்சுச் சத்தம்தான் வீட்டை நிறைத்திருந்தது. ஈரமரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல இழுத்து இழுத்து வரும். அது கேட்டுக்கொண்டிருந்தால் தூங்க முடியாது. நின்றுவிட்டால் எழுந்து உட்கார்ந்து, மறுபடி வருகிறதா என்று காத்திருப்பாள்.

இப்போதும் காத்திருந்தாள். வரவில்லை.

எழுந்து உள்ளே போனாள். மலைச்சாமி கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. மூக்கின் முன்னால் விரலை வைத்துப் பார்த்தாள். விரலை எடுத்தபோது அவருடைய நரைத்த மீசையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதை முந்தானையால் துடைக்கப் போனவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று திரண்டு மேலே ஏறியது. வாயைத் திறந்தாள்.

"அழகு! ஏடி அழகு! கரைச்சிட்டியா? கோயில்ல கொட்டு கெளம்பிருச்சு!"

பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி வாசலில் நின்று கத்தினாள். அழகம்மாள் வாயை மூடிக்கொண்டாள். முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்தாள்.

"கரைச்சுக்கிட்டிருக்கேன்" என்று குரல் கொடுக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"தூங்குறாரு."

"தூங்கட்டும். சாமி வாசலுக்கு வரையில எழுப்பிக்கலாம்."

போன வெள்ளிக்கிழமை அவர் இந்தக் கட்டிலில் கிடந்தபடிதான் சொன்னார்.

"அழகு, சாமி கரையிற வரைக்கும் நான் தாங்குவேனான்னு தெரியல."

"வாயக் கழுவுங்க மொதல்ல."

"சொல்றதக் கேளு புள்ள. சோலைமுத்து தலையில கரகம் இருக்கையில என் சாவு அவன் காதுல விழுந்துரக்கூடாது. நான் பட்டது என்னோட போகட்டும்."

அவர் பட்டது அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தி, இளவட்டமாக இருந்த மலைச்சாமி முதன்முதலாக மாரியம்மன் கரகம் எடுத்த வருஷம், பங்காளி ஒருவர் இறந்துபோன சேதியை யாரோ கூட்டத்துக்குள் ஓடிவந்து சொல்லிவிட்டார்கள். அந்த ஊர் வழக்கத்தில் சாவு காதில் விழுந்த பிறகுதான் தீட்டு. விழுந்த இடத்திலேயே கரகத்தை இறக்கியாக வேண்டும். நடுத்தெருப் புழுதியில் இறக்கி வைத்தார். அதற்கப்புறம் சில வருஷங்கள் திருவிழாவும் நடக்கவில்லை, மழையும் சரியாக இல்லை. கடலைக்கொடி காட்டிலேயே காய்ந்தது. எரியோட்டுச் சந்தைக்குப் போனால்கூட, 'சாமிய எறக்குனவன் இவன்தானாப்பா?' என்று கேட்பார்களாம். மறுபடியும் அவர் தலையில் ஊரார் கரகத்தை வைத்தபோது இவளுக்குக் கல்யாணமாகியிருந்தது. பிறகு வருஷம் தவறாமல் அவர்தான் எடுத்தார். இந்த வருஷம் எழுந்து நிற்க முடியாததால் தம்பி மகன் சோலைமுத்து எடுத்திருக்கிறான். அவனுக்கு இதுதான் முதல் வருஷம்.

"எனக்கு ஏதுங்க அம்புட்டுத் தெம்பு? கன்னுக்குட்டிய வித்ததுக்கே சோறு திங்காமக் கெடந்தவ நான்" என்றாள் அன்றைக்கு.

அவர் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாக வந்தது.

"தெரியுமே. நம்ம கெணறு வத்துனாலும் உன் கண்ணு வத்தாது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்கிட்ட இல்லேன்னா ஆத்தாகிட்டக் கேளு. நான் மட்டும் என் தெம்புலயா இத்தன வருஷம் தூக்குனேன்? தலையில வைக்கையில கழுத்து வெடவெடன்னு ஆடும். இந்தா விழுகப் போகுதுன்னு இருக்கும். ரெண்டு எட்டு வச்சதும் ஆடாது. ஏன் ஆடலைன்னு எனக்குத் தெரியாது. அம்புட்டுத்தான்."

ஊருக்குள் எல்லோரும் அழகம்மாளின் கண்ணீரைக் கேலி செய்வார்கள். யார் வீட்டுக் கல்யாணத்திலும் பெண்ணைப் பெற்றவளுக்கு முன்னால் இவள் அழுதுவிடுவாள். பிள்ளை இல்லாத வீடு. அவர் கேலிதான் அவளுக்குப் பேச்சுத்துணை. இன்றைக்குக் கேலி செய்ய ஆளில்லை.

வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். நிலைப்படியின் மூலையில் கரையான் அரித்து ஒரு கையளவு பள்ளம் விழுந்து, சாத்திய கதவுக்கு அடியில் சந்து விட்டிருந்தது. மழைக்காலத்தில் அதன் வழியே தண்ணீர் உள்ளே வரும். 'அறுப்பு முடியட்டும், பலகை அடிச்சுத் தாரேன்' என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது அந்தப் பள்ளத்தின் வழியே வெயில் ஒரு துண்டு தரையில் விழுந்து கிடந்தது.

அவரை நிமிர்த்திப் படுக்க வைத்தாள். இத்தனை நாள் சாப்பிடாத உடம்பு இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பாதி திறந்திருந்த அவர் கண்களை மூடிவிட்டாள். அவருடைய துண்டிலேயே ஓரத்தைக் கிழித்துத் தாடையைச் சேர்த்துக் கட்டினாள். துணி கிழிகிற சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்குமோ என்று பயந்தாள். இதையெல்லாம் சாவு வீட்டில் வேறு யாராவதுதான் செய்வார்கள். செத்தவனின் பெண்டாட்டியை நாலு பேர் பிடித்து மூலையில் உட்கார்த்தி வைத்திருப்பார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போது முடிச்சு விழவில்லை. கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு மறுபடி கட்டினாள்.

அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்காக வைத்தது. விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

கொட்டுச் சத்தம் மேலத்தெருவுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் போணி கண்ணில் பட்டது. மஞ்சள் தண்ணீர், மேலே கிள்ளிப் போட்ட வேப்பிலை. கரகம் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். வீட்டுக்காரி வெளியே வந்து பாதத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். இவளும் வருஷாவருஷம் ஊற்றியிருக்கிறாள், தன் புருஷனின் பாதத்திலேயே. அந்த நேரத்தில் மட்டும் அவர் அவளை அடையாளம் தெரியாதவர்போல எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். அவளுக்கும் அது அவர் பாதமாகத் தோன்றியதில்லை.

சாவு வீட்டுத் தண்ணீரைச் சாமி பாதத்தில் எப்படி ஊற்றுவது? ஊற்றாமல் கதவைச் சாத்தி வைத்திருந்தால் உள்ளே வந்துவிடுவார்கள். சீக்காளி இருக்கிற வீட்டில் நுழைந்து திருநீறு பூசுவது வழக்கம்.

கதவை ஒரு சாண் திறந்து, "செல்லக்கிளி!" என்று கூப்பிட்டாள்.

செல்லக்கிளி தலை நிறையப் பூவும் இடுப்பில் குடமுமாக வந்தாள்.

"என்னடி, பாதிக் கதவுக்குள்ள நின்னு பேசுற? புதுப்பொண்ணா நீ?"

"நான் வாசலுக்கு வரக்கூடாது. தூரமாயிட்டேன். எங்க வாசலுக்கும் சேத்து நீயே ஊத்திரு."

செல்லக்கிளி களுக்கென்று சிரித்தாள். "என்னது? தூரமா? ஏடி, போன ஐப்பசியோட நின்னு போச்சுன்னு எங்கிட்டதானே வந்து அழுத? இனிமே புள்ளைக்கு ஆசப்படக்கூட வழியில்லேன்னு பொழுதடைய அழுதியே. இப்ப என்னடி புதுசா..."

பேச்சு அப்படியே நின்றது. அவள் அழகம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஈரமே இல்லை. பிறகு அவள் பார்வை தோளுக்கு மேலாக உள்ளே போனது. புகை வராத அடுப்பைப் பார்த்திருப்பாள். சத்தமில்லாத அறையைக் கேட்டிருப்பாள்.

செல்லக்கிளியின் இடுப்புக் குடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் சிந்தியது.

"சரி" என்றாள் செல்லக்கிளி. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நீ கதவச் சாத்திக்க. நான் இங்கனதான் நிப்பேன்."

கொட்டு தெருவுக்குள் திரும்பியது. வேப்பமரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் யாரோ, "பெரியோர்களே, தாய்மார்களே, வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அழகம்மாள் கட்டிலின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். குலவைச் சத்தம் வீடு வீடாக நெருங்கி வந்தது. ஒவ்வொரு குலவைக்கும் அவளுக்குள் இருந்தது மேலே மேலே ஏறியது. தோள் குலுங்கியது. கட்டில் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கட்டிலும் சேர்ந்து ஆடியது.

சலங்கைச் சத்தம் வாசலுக்கு நேரே வந்து நின்றது. கொட்டும் நின்றது.

நிலைப்படிப் பள்ளத்தில் வெயில் மறைந்து, புழுதி படிந்த இரண்டு பாதங்கள் தெரிந்தன. சோலைமுத்துவின் பாதங்கள். இளம் பாதங்கள். நிற்க முடியாமல் தரையைத் தேடித் தேடி வைத்தன.

"என்னப்பா, மலைச்சாமி வீட்டுக் கதவு சாத்திக் கெடக்கு?" ஊர் நாட்டாண்மை வேலுசாமியின் குரல். "இத்தன வருஷம் தூக்குன மனுசன். சாமி பாக்காமப் போறதா? யாராச்சும் கதவத் தள்ளுங்கப்பா. உள்ள போயி நெத்தியில திருநீறு பூசிட்டு வருவோம்."

கதவில் ஒரு கை பட்டது. தாழ் அசைந்தது.

தாயே, என்று நினைத்தாள் அழகம்மாள். அவர் உசுரக் கேட்டேன், நீ தரல. சரி. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. உன்னுதுல கொஞ்சம் குடு. அவன் போற வரைக்கும் குடு, போதும்.

"கைய எடுங்க மாமா!" செல்லக்கிளி கத்தினாள். "உள்ள பொம்பள தூரமாகிக் கெடக்கா. அண்ணன் தூங்குறாரு. கொட்டு மேளத்தோட போயி எழுப்புவிகளாக்கும்?"

"அழகம்மாளா? இந்த வயசுலயா?"

"ஆமா, ஊருப் பொம்பளைக வயசையெல்லாம் நாட்டாமை எழுதி வச்சிருக்காரு. உங்க வீட்டுல அத்தை வயசென்னன்னு சொல்லுங்க பாப்போம்!"

கூட்டம் சிரித்தது. வேலுசாமியும் சிரித்துவிட்டார். "உன் வாயில விழுந்து எந்திரிக்க முடியாதுத்தா. ஊத்து, ஊத்து."

"இந்த வாசலுக்கும் நானே ஊத்துறேன். நகருங்க."

குடத்திலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பள்ளத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள் அழகம்மாள். தண்ணீர் பட்டதும் புழுதி கரைந்து, அந்தப் பாதங்களின் நிறம் தெரிந்தது. நடுக்கம் குறைந்து நின்றன. பிறகு திரும்பி நடந்தன.

கட்டில் ஆடவில்லை என்பதை அவள் அப்புறம்தான் கவனித்தாள். கயிற்றைப் பிடித்திருந்த கை அப்படியேதான் இருந்தது. ஆனால் அசைவில்லை. தொண்டையில் நின்றது எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. அவரிடம் திரும்பி, 'ஆடலைங்க' என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

கொட்டு கீழத்தெருவுக்குப் போய், குளத்துப் பக்கம் தேய்ந்தது. தெருவில் ஒரு பிள்ளைகூட இல்லை. எல்லோரும் சாமியின் பின்னால் போய்விட்டார்கள். ஸ்பீக்கரை யாரோ நிறுத்தினார்கள். வீட்டுக்குள் ஒரு ஈ மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. முந்தானையால் அதை விரட்டினாள். மறுபடி வந்தது. மறுபடி விரட்டினாள். ஊரே இல்லாத ஊரில் அவளும் அவரும் மட்டும் இருந்தார்கள். அவரும் இல்லை என்பது இடையிடையே மறந்துபோயிற்று.

வெயில் சாய்கிற நேரத்தில் குளத்துக் கரையில் வேட்டுச் சத்தம் கேட்டது. கரகம் கரைந்துவிட்டது. சோலைமுத்துவின் கையிலிருந்த காப்பை இந்நேரம் அவிழ்த்திருப்பார்கள்.

இனி அழலாம். அழகம்மாள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இன்னொரு தடவை திறந்து பார்த்தாள். காற்றுதான் வந்தது.

எழுந்து போணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மஞ்சள் அடியில் படிந்திருந்தது. கையை விட்டுக் கலக்கினாள். கட்டிலின் காலடியில் நின்று, வழக்கம்போலக் குனிந்து, சேர்த்துக் கட்டியிருந்த அவருடைய பாதங்களின்மேல் மெதுவாக ஊற்றினாள். ஒரு வேப்பிலை அவர் கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. மற்றவை தண்ணீரோடு இறங்கின.

தண்ணீர் கயிற்றின் வழியே ஒழுகி, சாணி மெழுகிய தரையில் ஓடி, சாய்வு பார்த்து வாசலுக்குப் போயிற்று. நிலைப்படிப் பள்ளத்தில் தயங்கி, பிறகு வெளியேறியது.

அந்தப் பள்ளத்துக்கு அப்பால் இரண்டு பாதங்கள் தெரிந்தன. மெட்டி போட்ட பாதங்கள். எவ்வளவு நேரமாக அங்கேயே இருந்தனவோ. மஞ்சள் தண்ணீர் போய் அவற்றை நனைத்தது. அவை விலகவில்லை.