அடுத்த வேளை வரைக்கும்

2019இல் பனிமய மாதா கோயிலில் கொடியேறிய வாரத்தில், துறைமுகச் சாலையில் தங்கதுரை அண்ணாச்சி நடத்திவந்த மெஸ்ஸின் சப்ளையர் இனிகோ, டிப்ஸ் வைத்தவர்களின் கண்ணுக்கு மட்டுமே தெரிய ஆரம்பித்தார். அந்த வாரம் சீலா மீன் கிலோ எண்ணூறு ரூபாய்க்குப் போனது. டிப்ஸ் வைத்தவருக்கும் அவர் நிரந்தரமாகத் தெரிந்துவிடவில்லை. அந்த ஆள் அடுத்த வேளை சாப்பாட்டில் கை வைக்கும் வரைக்கும்தான். பிறகு மறுபடி காசு வைத்தால் உண்டு. குரல் மட்டும் எப்போதும் போல எல்லோருக்கும் கேட்டது. இட்லி, பொங்கல், பூரி, தோசை, ரவா, நெய் ரோஸ்ட் என்று அவர் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதைக் கேட்டு ஆட்கள் வேண்டியதைச் சொன்னார்கள், வேண்டியது வந்தது, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சப்ளையரைக் காணோம் என்று இரண்டு மாதம் யாரும் கேட்கவில்லை. லாரி டிரைவர்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள், கிளியரிங் ஏஜெண்டுகள் போனைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

முதலில் கண்டுபிடித்தவர் இனிகோதான். கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் தலை சீவப் போனபோது, சீப்பு மட்டும் காற்றில் மேலும் கீழும் போய்வந்தது. அவர் தனக்குத் தானே டிப்ஸ் வைத்துக்கொண்டதில்லை. புரோட்டா மாஸ்டர் நயினாரிடம் போய், "ஏலே, நான் தெரியுதனா?" என்று கேட்டார். மாவை வீசிக்கொண்டே நயினார், "குரல் வருது, ஆளக் காணும். கொஞ்ச நாளாவே அப்படித்தான். ஒமக்குத் தெரியும்லான்னு நெனச்சேன்" என்றார். எதனால் என்பது, தினமும் ஐந்து ரூபாய் வைத்துவிட்டுப் போகும் லாரி டிரைவர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, மூணு நாளா தாடி எடுக்கலியா?" என்று விசாரித்தபோது தெரிந்தது. மெஸ் முழுவதிலும் அன்று அவருடைய தாடியைப் பார்த்தவர் அந்த ஒருவர்தான்.

விஷயம் முதலாளிக்குப் போனது. கண்ணில் படாத ஆளுக்கு முழுச் சம்பளம் கொடுப்பது ஊர் வழக்கத்தில் இல்லை என்று தங்கதுரை அண்ணாச்சி சம்பளத்தைப் பாதியாக்கினார். மீதியை டிப்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். "அண்ணாச்சி, நீங்களும் ஒரு ரூவாய வச்சித்தான் பாருங்களேன், மனுசன் தெரிவாம்லா" என்று நயினார் சொல்லிப் பார்த்தார். "சம்பளமும் குடுத்து டிப்ஸும் வைக்கணும்னா, பேசாம கடைய அவன் பேருக்கு எழுதி வச்சிரட்டா?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சி கல்லாவைச் சாத்தினார். இனிகோ வேறு ஹோட்டல்களில் வேலை கேட்டுப் போனார். எல்லா இடத்திலும் ஆளை நேரில் வரச் சொன்னார்கள். நேரில்தான் நிற்கிறேன் என்றார். அப்படியானால் நாளைக்கு வாருங்கள் என்றார்கள். ஒரு வாரம் நடந்துவிட்டுப் பழைய மெஸ்ஸுக்கே திரும்பினார்.

வீட்டில் மனைவி விஜிலா இதை அதிகம் பேசாமல் சரிக்கட்டினாள். முத்தையாபுரத்து வாடகை வீட்டில் காலையில் டீ போடுவது இனிகோவின் வேலை. டீயைக் குடித்துவிட்டு டம்ளருக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு வைப்பாள். அவர் தெரிவார். சட்டைப் பொத்தானைப் பார்ப்பாள், கண் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பாள், அனுப்பிவைப்பாள். காசை அவர் ஜன்னல் கட்டையில் திரும்ப வைத்துவிடுவார். வருடக்கணக்கில் அதே காசுதான். அதிலிருந்த எழுத்து தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது.

மகள் பெனிஷாவும் ஆரம்பத்தில் வைத்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது, அது ஒரு விளையாட்டு. காசு விழுந்ததும் இனிகோ லேசாகக் குனிந்து, தலையை இடப்பக்கம் சாய்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு தனக்கு மட்டுமே உள்ளது என்று அவள் நினைத்திருந்தாள். கல்லூரியில் சேர்ந்த புதிதில் தோழிகளோடு அதே மெஸ்ஸில் சாப்பிடப் போனாள். வீட்டில் காலையில் காசு வைத்துப் பார்த்துவிட்டு, வேறெதுவும் சாப்பிடாமல் வந்திருந்ததால் அப்பா அவளுக்குத் தெரிந்தார். பெனிஷாவின் தோசை வருவதற்குள் சாப்பிட்டு முடித்த தோழி ஒருத்தி சோம்புத் தட்டில் பத்து ரூபாய் வைத்தாள். இனிகோ லேசாகக் குனிந்தார், தலையை இடப்பக்கம் சாய்த்தார், சிரித்தார். அதே சாய்வு, அதே சிரிப்பு. பெனிஷா வீட்டுக்கு வந்து, "எங்கப்பாவப் பாக்க நான் காசு வைக்க மாட்டேன்" என்றாள். விஜிலா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வேறு மாதிரிச் சிரிக்க இனிகோ சில நாள் தனியாக முயன்றார். முகம் பழகிய வழிக்கே போயிற்று.

அதன் பிறகு ஐந்து வருடம் பெனிஷா அப்பாவைப் பார்க்கவில்லை. "எங்க இருக்கிய?" என்பாள். "இங்கனதாம்மா இருக்கேன்" என்று பதில் வரும். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பேசுவாள். சில சமயம் நாற்காலியில் மெத்தை அமுங்கியிருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காசு ஜன்னல் கட்டையில் கிடக்கும். அவர் அதைப் பார்ப்பார், அவள் பார்ப்பதில்லை.

கொரோனா வந்து மெஸ் மூடிக் கிடந்த மாதங்களில், உலகத்தில் விஜிலா ஒருத்தியின் கண்ணுக்குத்தான் இனிகோ தெரிந்தார். திறந்தபோது ஆட்கள் சில்லறை கொண்டுவருவதை விட்டிருந்தார்கள். பில்லுக்குப் போனைக் காட்டினார்கள், சோம்பை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த லாரி டிரைவரும் போனுக்கு மாறினார். ஒரு நாள் "அண்ணாச்சி இப்ப வேலையில இல்லையோ?" என்று இனிகோவிடமே கேட்டார். தங்கதுரை அண்ணாச்சி மேசைக்கு மேசை டிப்ஸுக்கென்று இன்னொரு க்யூஆர் ஸ்டிக்கரும் ஒட்டினார். பணியாளர் நலனுக்கு என்று போட்டிருந்தது. பணம் அண்ணாச்சியின் கணக்குக்குப் போயிற்று. அதில் டிப்ஸ் அனுப்பியவர்களுக்குச் சப்ளையர் தெரிந்தார், ஆனால் தங்கதுரை அண்ணாச்சியின் முகத்தோடும் தொப்பையோடும் தெரிந்தார். முதலாளியே தண்ணீர் ஊற்றுகிறார், முதலாளியே இலை போடுகிறார் என்று இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதினார்கள். வியாபாரிகள் கூடி அண்ணாச்சிக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் மறுக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்கு டீ கொடுத்தவர் இனிகோ.

2025 தை மாதம் பெனிஷாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிளைட்டன் கப்பலில் வேலை பார்த்தான், சென்னையில் வீடு எடுத்திருந்தான். பெண்ணைப் பீடம்வரை அப்பா கைபிடித்து அழைத்துப் போக வேண்டும். இனிகோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு அழைத்துப் போனார். கோயிலில் இருந்தவர்கள், ஒரு பெண் காற்றில் கையைக் கோத்துக்கொண்டு மெதுவாக நடந்து வருவதைப் பார்த்தார்கள். "சிஸ்டர், அந்தக் கையக் கீழ விடுங்க, படத்துல நல்லாருக்காது" என்றார் போட்டோக்காரர். அவள் விடவில்லை. முழங்கை மடிப்பில் அப்பாவின் கை இருந்தது. அது பார்ப்பதற்கு எப்படிப்பட்ட கை என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

விருந்துக்குச் சமையல் தங்கதுரை அண்ணாச்சியின் மெஸ்தான், சலுகை விலையில். மண்டபத்தில் பெண்ணின் அப்பாவுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் விஜிலாவின் சித்தப்பா வந்து உட்காரப் பார்த்தார். இனிகோ எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று. எழுந்தவர் நிற்க இடமில்லாமல் சுவரோரம் போனார். பரிமாற ஓர் ஆள் குறைந்தது. குழம்பு வாளி அங்கேதான் இருந்தது. கை தானாக அதை எடுத்துக்கொண்டது.

பெண் மாப்பிள்ளைப் பந்தியில் பெனிஷாவின் இலைக்கு இடப்பக்கத்திலிருந்து கரண்டி வந்தது. குழம்பை விட்டுவிட்டு, சொட்டு இலைக்கு வெளியே விழாமல் வாளியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டியது. சின்ன வயதில் வீட்டில் கேட்ட தட்டு. அவளுடைய கைக்குட்டையின் முடிச்சில், காலையில் விஜிலா முடிந்துவிட்டிருந்த அந்த ஜன்னல் கட்டைக் காசு இருந்தது. பெனிஷா சாப்பிட்டு முடிக்கும்வரை அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்து இலையோரம் வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, முடியெல்லாம் இப்படி நரைச்சிட்டே."

இனிகோவுக்கு அவளிடம் சொல்ல ஐந்து வருடத்துப் பேச்சு இருந்தது. லேசாகக் குனிந்தார். தலை இடப்பக்கம் சாய்ந்தது.

"வேற என்ன வேணும்?" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்தாள். "கொஞ்சம் மோர்" என்றாள்.

அன்று பிற்பகல் பெனிஷாவுக்குக் கேக் கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்றாள். மாப்பிள்ளை வீட்டார் டீயும் வடையும் கொடுத்தார்கள், வாங்கவில்லை. புதுப்பெண்ணுக்கு ஊரை விட்டுப் போகிற துக்கம், வயிறு மூடிக்கொண்டது என்று பேசிக்கொண்டார்கள். மாலையில் ஸ்டேஷனில் கிளைட்டன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். வண்டி கிளம்பும்போது ஜன்னலிலிருந்து பிளாட்பாரத்தில் ஓரிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே விஜிலா மட்டும் நிற்பதாக மற்றவர்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை விஜிலா டீயைக் குடித்துவிட்டு, டம்ளருக்கு அடியில் அந்தக் காசை வைத்தாள். புதுச் சட்டையில் குழம்புக் கறை இருப்பதைப் பார்த்தாள். அப்போது போன் வந்தது.

"சாப்பிட்டியாளா?" என்று கேட்டாள் விஜிலா.

"மதுரை தாண்டினப்புறந்தாம்மா" என்றாள் பெனிஷா.

விஜிலா போனை நீட்டினாள். இனிகோ வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அவருடைய டம்ளரில் டீ ஆறும்வரை அதை எடுக்கவில்லை. பிறகு நேரமாகிவிட்டதால் அவர் பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். அன்று நிலக்கரிக் கப்பல் வந்திருந்தது, மெஸ்ஸில் நல்ல கூட்டம். தோசை சூடாக, நேரத்துக்கு வந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.