இரண்டு மார்க் சூரியகாந்தி

சாலோமி டீச்சர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது நடந்தே ஆக வேண்டும். முப்பத்தொரு வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவர். ரிட்டயர் ஆகி நாலு வருஷமாகியும் ஜெயசீலபுரத்தில் பாதிப் பேர் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் பேசுவார்கள். அப்படிப்பட்டவர், ஊர்த் தேவாலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிகிற நேரத்தில் எழுந்து அறிவித்தார்.

"பிரதிஷ்டைப் பண்டிகை அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பவனி நம்ம வயல் வழியா வரட்டும். ஒரு ஏக்கர் பூவும் மேற்க திரும்பிக் கோயிலப் பாத்து நிக்கும்."

வயல் கோயிலுக்கு நேர் கிழக்கே இருந்தது; மேற்கு ஓரத்தில் தார்ரோடு, கிழக்கு ஓரத்தில் வாய்க்கால். பிசானப் பருவத்து நெல் அறுத்த நிலத்தில் மாசிக் கடைசியில் சூரியகாந்தி ஊன்றியிருந்தார் டீச்சர். மொட்டு விட்ட நாட்களில் தினமும் வரப்பில் நின்று பார்த்தார். காலையில் கிழக்கே சாய்ந்திருந்த தலைகள் சாயங்காலம் மேற்கே சாய்ந்தன. பாடப் புத்தகத்தில் இருந்ததும் அதுதான், அவர் முப்பத்தொரு வருஷம் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்.

சேகர குருவான பாதிரியார் பாக்கியசீலன் ஐயருக்கு ஒரே சந்தோஷம். பூ சூரியனைத் தொடர்வதுபோல நாமும் ஆண்டவரைத் தொடர வேண்டும் என்று நாலு பக்கத்துக்குப் பிரசங்கமே எழுதிவிட்டார். இந்தச் செடி அமெரிக்காவின் பூர்வகுடிகளிடமிருந்து கப்பலேறி, ரஷ்யாவில் எண்ணெயாகி, பாளையங்கோட்டை மளிகைக் கடைக்கு வந்து சேர்ந்த கதையையும் டீச்சரிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டார்.

வயலில் களை எடுக்கவும் தண்ணீர் பாய்ச்சவும் இன்பமணிதான் வந்தாள். டீச்சரிடம் படித்தவள். இப்போது முப்பத்து நாலு வயசு, ஒரு பெண் குழந்தைக்குத் தாய். அறிவிப்பு செய்த மறுநாள் டீச்சர் அதைப் பெருமையாகச் சொன்னபோது இன்பமணி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குனிந்து களையைப் பிடுங்கினாள். டீச்சர் அதைப் பார்த்தார், ஆனால் என்னவென்று கேட்கவில்லை.

அடுத்த நாளே மகள் டெபோராவின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போனார். பேரனைக் குளிப்பாட்டி, மருந்து அரைத்துக் கொடுத்து, பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமைதான் திரும்பி வந்தார். பையை வீட்டில் போட்டதும் போடாததுமாக வயலுக்கு ஓடினார். மணி ஐந்து ஆகியிருந்தது.

ஒரு ஏக்கர் பூவும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

பச்சைப் பிடரிகளைத் தவிர ஒன்றுமில்லை. மஞ்சள் அத்தனையும் அந்தப் பக்கம், கிழக்கே, வாய்க்காலைப் பார்த்து நின்றது. நாளைக்கு இதே நேரம் சபை முழுக்க இங்கே வந்து நிற்கும். மடை பக்கம் நின்ற இன்பமணியைக் கத்திக் கூப்பிட்டார்.

"ஏட்டி, தண்ணி ஒழுங்கா பாச்சுனியா? பூவுக்கு என்ன கேடு வந்துச்சு?"

"கேடு ஒண்ணும் இல்ல டீச்சர். பூத்துட்டுல்லா, இனிமே திரும்பாது. மொட்டுலதான் திரும்பும். பூத்த பெறகு கிழக்க பாத்தேதான் நிக்கும்."

"இது உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"சின்னதுலயே தெரியும். தென்காசிப் பக்கம் சூரியகாந்திக் காட்டுல எங்கய்யாகூடக் கிளி வெரட்டப் போவேம்லா. லீவு பூரா பரண்லயே உக்காந்து பாத்திருக்கேன்."

"பெறகு ஏம்ட்டி என்கிட்டச் சொல்லல?"

இன்பமணி மண்வெட்டியிலிருந்த சேற்றைக் காலால் வழித்தாள்.

"ஒரு தடவ சொன்னேம்லா டீச்சர். ஒம்பதாங் கிளாஸ் பெரிய பரீட்சையில. முட்டை போட்டிய."

டீச்சருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. 'சூரியகாந்திப் பூ நாள் முழுவதும் சூரியனை நோக்கித் திரும்புகிறது. காரணம் கூறுக.' இரண்டு மார்க் கேள்வி. 'திரும்பாது. நான் பார்த்தேன்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெரிய முட்டை போட்டு, விடைத்தாள் கொடுத்த அன்று அதை வகுப்பில் வாசித்தும் காட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். மற்ற பாடமெல்லாம் தேறியிருந்த அவளுக்கு அறிவியலில் முப்பத்து மூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும்.

"அதோட எங்கய்யா படிப்ப நிப்பாட்டிட்டாவ" என்றாள் இன்பமணி. அவள் குரலில் கோபம் இல்லை. "போன வருசம் அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போட்டேன். பத்தாங் கிளாஸ் இருக்கான்னு கேட்டாவ. திரும்பி வந்துட்டேன்."

அன்று டீச்சர் சரியாகச் சாப்பிடவில்லை. தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. பவனியை வாய்க்கால் கரைப் பக்கம் திருப்பிவிட்டால் போதும், மஞ்சள் முகங்கள் எதிரே நிற்கும், கேட்க ஒருவரும் இல்லை. மேகத்தின் மேல் பழி போட்டாலும் ஊர் நம்பிவிடும். சாலோமி டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஊர். அந்த நம்பிக்கையை நினைக்கத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பிள்ளை கண்ணால் பார்த்ததை எழுதினாள், நான் பார்க்காமலேயே தப்பென்று அடித்தேனே என்று மனசு அறுத்தது.

ஞாயிறு சாயங்காலம் பவனி பாட்டுப் பாடிக்கொண்டு வந்து தார்ரோட்டில் நின்றது. முதுகு காட்டி நின்ற பூக்களைப் பார்த்ததும் பாட்டு பைய நின்றுபோனது. ஐயர் கையில் நாலு பக்கத்தையும் வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வரப்பில் ஏறி நின்றார்.

"நான் சொன்னது தப்பு. பூத்த சூரியகாந்தி திரும்பாது. இருபது வருசத்துக்கு முன்னாலயே இத நம்ம இன்பமணி பரீட்சையில சரியா எழுதுனா. நான் முட்டை போட்டு, கிளாஸ்ல வாசிச்சுச் சிரிச்சேன். அந்த ரெண்டு மார்க்குல அவ படிப்பு போச்சு. இன்னைக்கு எல்லாருக்கும் முன்னால திருத்துதேன். முப்பத்து மூணும் ரெண்டும் முப்பத்தஞ்சு. இன்பமணி பாஸ்."

கூட்டத்தின் பின்னால் மகளைக் கையில் பிடித்தபடி நின்ற இன்பமணிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் வாயை மூடவில்லை.

"டீச்சர், காரணம் கூறுகன்னு கேட்டிருந்திய. நான் காரணம் எழுதலையே. ஒரு மார்க்குதான் தர முடியும்."

கூட்டம் சிரித்தது. டீச்சரும் சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு.

"அப்ப இப்பச் சொல்லு."

"காலையில வெயில் நேரா மூஞ்சில அடிச்சாத்தான் பூ வெரசா சூடாகும். சூடான பூவுக்குத்தான் தேனீ மொதல்ல வரும். தேனீ வந்தாத்தான மணி பிடிக்கும்?"

"ரெண்டு மார்க்" என்றார் டீச்சர்.

ஐயர் நாலு பக்கத்தையும் மடித்து அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வாங்க, நாமதான் சுத்திப் போயி அது மூஞ்சியப் பாக்கணும்" என்று முதல் ஆளாக வரப்பில் இறங்கினார். பாட்டு மறுபடியும் கிளம்பியது. ஜனங்கள் வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனார்கள்.

டீச்சர் இன்பமணிக்காகக் காத்து நின்றார்.

"பள்ளிக்கூடம் போவாமலே பத்தாங் கிளாஸ் பரீட்சை எழுதலாம். தனித்தேர்வுன்னு இருக்கு. எட்டாங் கிளாஸ் பாஸ் பண்ணுன சர்டிபிகேட் வச்சிருக்கியா?"

"பெட்டியில இருக்கு. ஆனா இந்த வயசுலயா டீச்சர்?"

"பாடம் நான் எடுக்கேன். தப்பாச் சொன்னா நீ திருத்து."

மகள் இன்பமணியின் சேலையைப் பிடித்து வாய்க்கால் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப காலையில வச்சுக்கிடுவோம். எட்டு மணிக்கு வாய்க்கா கரைக்கு வந்திருங்க" என்றாள் இன்பமணி. "சொன்னா சொன்ன நேரத்துக்கு வரணும் டீச்சர்."

"சரி" என்றார் சாலோமி டீச்சர், அவரை அறியாமலே கையைக் கட்டிக்கொண்டு.