மகள் மொழிபெயர்ப்பாள்

“எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.”

மாநிலப் பாராளுமன்றத்தின் மனுக்குழுவுக்கு முன்னால், இருபத்தைந்து வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக இதைக் கேட்டேன். கேட்கவே கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அப்பாவிடம் அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, இத்தனை வருஷமாகியும் ஜெர்மன் வராத ஆட்கள் என்று ஃபைலில் ஏறிவிடும். மற்றது, வருகிற மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஈழத்து ஆளாகத்தான் இருப்பார். பின்னேரத்துக்குள் எசன் நகரம் முழுக்க எங்கள் வீட்டுக் கதை போய்விடும். ஆகவே டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், வெளிநாட்டவர் அலுவலகத்தில், எங்கே டெர்மின் என்று சந்திப்பு நேரம் தந்தாலும் நான்தான் அம்மாவுக்கு வாய். எட்டு வயதிலிருந்து.

குழுத் தலைவி படிவத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னை.

“மொழிபெயர்ப்பாளர் தேவையா என்ற கேள்விக்கு, ‘இல்லை, மகள் மொழிபெயர்ப்பாள்’ என்று எழுதியிருக்கிறதே. நீங்கள் நிரப்பியதுதானே?”

நான் நிரப்பியதுதான். காது இரண்டும் கொதித்தன. எங்கள் மனுவே அதற்கு எதிரானது. கருவைக் கலைப்பதா வைத்திருப்பதா என்ற ஆலோசனைக்குப் போகிற பெண்ணுக்கு, அவள் மொழியில், வீட்டாள் அல்லாத ஒருவர்தான் மொழிபெயர்க்க வேண்டும். அதை மாநிலம் சட்டமாக எழுத வேண்டும். இதை மூன்று பக்கத்துக்கு நானே எழுதினேன். நாலாம் பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி. அதை என் கை பழக்கத்தில் நிரப்பிவிட்டது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி! சமூகப்பணி வேறு படித்திருக்கிறேன்!

பக்கத்திலிருந்த ஃப்ராவ் ஹெல்விக் என் முழங்கையில் இடித்தார். ஓய்வுபெற்ற மருத்துவிச்சி. பிறக்காத பிள்ளைகளுக்காகப் பேசுகிற எங்கள் சங்கத்தின் தலைவி. சங்கத்தில் மொத்தம் பதினான்கு பேர். ஒன்பது வருஷமாக மாநிலத்துக்கு எழுதிக்கொண்டே இருக்கிறோம்.

“கஜந்தி, இன்றைக்கு நீயே செய்துவிடு. ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த டெர்மின்.”

“மாட்டேன்,” என்றேன். குழுவைப் பார்த்துச் சொன்னேன்: “பிழை என்னுடையது. ஆனால் அம்மாவுக்கு மொழிபெயர்க்கிற அந்தக் கதிரையில் நான் இன்னொரு தரம் இருக்க மாட்டேன்.”

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிற சுலோஜனா. அப்பா போகவேண்டாம் என்று மூன்று நாள் சொல்லியும், லீவு எடுத்துக்கொண்டு சாட்சி சொல்ல வந்திருந்தார்.

“என்னடி பிள்ளை பிரச்சினை? கத்தாதை. வெளியாலை அனுப்பிப்போடுவாங்கள்.”

“அனுப்பட்டும், அம்மா.”

அனுப்பவில்லை. தலைவி மணிக்கூட்டைப் பார்த்தார். “இடைவேளை,” என்றார். “ஆள் கிடைக்கும்வரை.”

ஏழு உறுப்பினர்கள் நாற்பது நிமிஷம் காத்திருந்தார்கள். ஒரு கிழவர் எழுந்துபோய் அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே ரைன் நதி தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அலுவலகங்களில் காத்திருந்தே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்காக ஓர் அலுவலகம் காத்திருந்ததை நான் கண்டதில்லை. சண்டை பிடிக்கத் தயாராக வந்தவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கடைசியில் மேசைமேல் தொலைபேசியோடு இணைந்த ஒரு ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

“வணக்கம்ங்க, லக்ஷ்மிப்ரியா பேசறேன், மியூனிக்ல இருந்து. அம்மா, நீங்க உங்க தமிழ்லயே பேசுங்க. புரியலைன்னா நான் கேட்டுக்கறேன்.”

அம்மா என் காதில், “இந்தியாப் பிள்ளையோ? நல்லது. எங்கடை ஆக்களைத் தெரிஞ்சிராது,” என்றார்.

அது ஒலிபெருக்கிக்கும் கேட்டுவிட்டது. “யாரையும் தெரியாதும்மா. ஃப்ரீயா பேசுங்க.”

அம்மா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆலோசனைக்குப் போன அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பார். அது போதும். விளங்காமல் போனதற்குக் காரணம் நான் என்று அவருக்குத் தெரியாது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அம்மா வயிற்றில் ஒன்பது கிழமைப் பிள்ளை. எங்கள் வதிவிட அனுமதி முடிய இன்னும் ஆறு கிழமை. அப்பா கெட்ட மனிசன் இல்லை, பயந்த மனிசன். உதவிப்பணம் வாங்கினால் அனுமதியை நீட்டமாட்டார்கள் என்ற பயம். ஆலோசனைக்குப் போகிற டிராமில், அம்மாவுக்குக் கேட்காமல், என்னிடம் சொன்னார்: “அவை உதவி அது இது எண்டு கனக்கக் கதைப்பினம். அதெல்லாம் அம்மாவுக்குச் சொல்லத் தேவையில்லை. விளங்குதோ?” ஆலோசகர் அரை மணித்தியாலம் கதைத்தார். வீடு, பிள்ளைக்கான உதவிப்பணம், வந்து பார்க்கிற தாதி. நான் அதை இரண்டு வசனமாக்கினேன். அம்மா கேட்டார்: “பிள்ளையை வைச்சிருக்க ஏதும் வழி இருக்கோ எண்டு கேள்.” நான் ஆலோசகரைப் பார்த்து, “அம்மாவுக்குக் கேள்வி ஒன்றும் இல்லையாம்,” என்றேன். ஆலோசனை முடிந்ததென்று சான்றிதழ் தந்தார்கள், கலைப்பதற்கு அது வேண்டும். அடுத்த கிழமை எல்லாம் முடிந்தது.

மனுவில் ‘ஒரு சிறுமி’ என்று எழுதினேன். அது யார் என்று எழுதவில்லை.

அம்மா பேசத் தொடங்கினார்.

“அந்த ஆலோசகர் மனிசி நல்லவ. அவவிலை ஒரு பிழையும் இல்லை. ‘ஹில்ஃப’ எண்ட சொல்லு எனக்கு அப்பவே தெரியும். உதவி. அகதி முகாமிலை முதல் படிச்ச சொல்லு அதுதானே. அவ அதை ஏழு தரம் சொன்னவ. நான் மடிக்குள்ளை விரலை மடிச்சு எண்ணினன். என்ரை பிள்ளை சொன்ன தமிழிலை அது ஒருக்காலும் வரேல்லை.”

நான் மேசையைப் பார்த்தேன்.

“தகப்பன் சொல்லிக் கூட்டியந்திருக்கிறார் எண்டு விளங்கிட்டுது. நான் கையைக் காலைக் காட்டியெண்டாலும் கேட்டிருப்பன். கேட்டால் இவள் பொய் சொன்னது அந்த மனிசிக்கு வெளிச்சமாப் போயிடும். பதினொரு வயசு. வயித்திலை இருக்கிறதைக் காப்பாத்த, பக்கத்திலை இருக்கிறதை எப்பிடி எல்லாருக்கும் முன்னாலை உடைக்கிறது? வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். இரவிரவா அந்தப் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேட்டனான். இவளிட்டை ஒண்டும் கேக்கேல்லை. கேட்டால் தெரிஞ்சுபோகும் எண்டு.”

லக்ஷ்மிப்ரியா அதை ஜெர்மனில் சொன்னார். நான் ஒவ்வொரு வசனமாகப் பின்தொடர்ந்தேன். அவர் ஒரு சொல் விடவில்லை. விரல் மடித்ததைக்கூட விடவில்லை.

பதினான்கு வருஷமாக நான் ஒளித்துவைத்ததை, அதே பதினான்கு வருஷமாக அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்து காவல் காத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கட்டித் தந்த கை, பட்டமளிப்பில் ஃபோட்டோ எடுத்த கை. அந்த வட்டமான பெரிய கட்டடம், கொடி, ஏழு உறுப்பினர்கள், எல்லாமே அம்மாவுக்கு முன்னால் எனக்குச் சிறுத்துப்போயின. பக்கத்தில் இருப்பவரை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

இளம் உறுப்பினர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “அப்படியானால் கருக்கலைப்பையே தடுக்க வேண்டும் என்கிறீர்களா?”

“அது ஓர் உயிர் என்று நம்புகிறேன். அதை இங்கே மறைக்க மாட்டேன்,” என்றேன். “ஆனால் இன்றைக்கு நான் கேட்பதை, அப்படி நம்பாத நீங்களும் மறுக்க முடியாது.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

தலைவி ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். பெரிய சட்டம் பெர்லின் மத்திய அரசின் கையில், ஆலோசனை நிலையங்களுக்கான விதி மாநிலத்தின் கையில் என்றார். அமைச்சுக்குக் குழு பரிந்துரை எழுதும்: குடும்பத்தைச் சேராத மொழிபெயர்ப்பாளரை ‘சாத்தியமான வரையில்’ அழைக்க வேண்டும். மனு தீர்ந்தது என்று நான் கையெழுத்து வைத்தால் அந்தப் பரிந்துரை அடுத்த கிழமையே அமைச்சுக்குப் போய்விடும்.

ஃப்ராவ் ஹெல்விக்கின் கண் கலங்கிவிட்டது. “வை, கஜந்தி. ஒன்பது வருஷத்தில் ஒரு வரிகூட வாங்கியதில்லை. சட்டமே வேண்டுமென்றால், மக்களிடம் கையெழுத்துச் சேர்த்து மாநிலப் பாராளுமன்றத்தை எடுத்துப்பேச வைக்கிற மக்கள் முன்முயற்சிதான். அறுபதினாயிரத்துக்கு மேல் கையெழுத்து! நாங்கள் பதினான்கு பேர், அதில் பாதிப் பேருக்கு முழங்கால் வருத்தம்.”

“சாத்தியமான வரையில்,” என்று வாசித்தேன். “அன்றைக்குச் சாத்தியமாக இருந்தது நான்தான்.”

லக்ஷ்மிப்ரியா அம்மாவுக்கு அதையும் தமிழில் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார்.

“எனக்காகக் கையெழுத்து வைக்காதை. எனக்காக வைக்காமலும் விடாதை.”

எழுந்தேன். ஏழு பேருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னேன், உண்மையாகவே சொன்னேன். தாளைத் தலைவியின் பக்கம் திருப்பி வைத்தேன், கையெழுத்து இல்லாமல்.

“அறுபதினாயிரம் பேரை எங்கே பிடிப்பாய்?” என்றார் ஃப்ராவ் ஹெல்விக் பின்னாலிருந்து.

நான் அதற்குள் கதவைத் திறந்துகொண்டு நடைக்கூடத்துக்கு வந்துவிட்டேன், முதல் கையெழுத்தைத் தேடி.