தாவீதின் பக்கத்து சீட்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகத் தொடங்கவில்லை. ‘ராட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் பொருள் எலி. கூட இருப்பவரைக் காட்டிக்கொடுப்பவன், மூச்சுவிட நேரமில்லாத போட்டி, ஏதோ சரியில்லை என்று மூக்கில் ஏறும் சந்தேகம், எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ்காரன் இந்தப் பிராணியைத்தான் இழுத்திருக்கிறான். நம் ஊரில் அது பிள்ளையாரைச் சுமக்கிறது.

(இந்த வரி கட்டுரைக்குப் பொருத்தமாக இருந்தது. தாவீது என்ற ஆள் இதற்குள் வந்த பிறகு எனக்கே சிரிப்பு வரவில்லை.)

2.
ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை. கை உள்ளே போனால் பிரஸ் இயந்திரத்தை நிறுத்தும் சென்சார் மேல் டேப் ஒட்டிவிட்டு, டார்கெட்டை முடிக்க வேகமாக ஓட்டினான் கலைமணி. யாரோ சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார்கள். அவன் வேலை போயிற்று. அன்று சூப்பர்வைசர் அறைக்குள் போகும்போது எல்லோரும் பார்த்தது அதே லைனில் வேலை செய்யும் தாவீதைத்தான். அவன் போனது மகளின் ஞானஸ்நானத்துக்கு லீவு கேட்க.

மறுநாள் அவன் டிபன் பாக்ஸில் எலி ஸ்டிக்கர்.

“இன்னா ராட்டு, சாப்ட்டியா?”

யாரோ ஒருவன் கேட்க, லைனே சிரித்தது. கம்பெனி பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை.

சூப்பர்வைசரிடம் உண்மையில் சொன்னவள் காந்திமதி.

3.
காந்திமதி சக தொழிலாளர்களின் பாதுகாப்புக்காகத் துணிந்து குரல்... இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். அடுத்த வாரம் அதே பிரஸ்ஸில் நிற்க வேண்டியவள் அவள். தன் விரல்களுக்குப் பயந்து சொன்னாள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் ஸ்டிக்கரைப் பார்த்து அவளும் சிரித்தாளே! எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். வீட்டில் சோறு பிசையும்போதும் அந்தச் சிரிப்பு காதில் விழுகிறது.

4.
ஒரு முடிவு: அவள் அழுது மன்னிப்புக் கேட்க, தாவீதும் கண் கலங்கி... (சினிமா. வேண்டாம்.)

இன்னொன்று: தாவீதே வேலையை விட்டு நின்றுவிடுகிறான். (அவளுக்குச் சௌகரியம். எனக்கும்தான். அதனாலேயே வேண்டாம்.)

மிச்சம் இதுதான். வடக்குப்பட்டு நிறுத்தத்தில் பஸ் நிற்கிறது. காந்திமதி படியிலேயே தயங்குகிறாள்.

“ஏறும்மா, இன்னா யோசிச்சுகினு கீற?” டிரைவர் அதட்டுகிறார்.

காலியாக இருப்பது அந்த ஒரே சீட். தாவீது பையை மடிக்கு எடுத்துக்கொள்கிறான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், “வேணாக்கா, நின்னுகினே வா. உன்னையும் சேத்து பேசுவாங்க” என்கிறான்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். இதுவரை எழுத முடிந்தது. உட்கார்ந்தால் மட்டும் போதாது, “நான்தான் சொன்னேன்” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும். முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்திருக்கிறாள்.

பின் சீட்டில் இருப்பது, இதைப் படிக்கும் நீங்கள். உங்கள் பையில் இன்னும் ஒரு எலி ஸ்டிக்கர் இருக்கிறது.