பக்கத்து நிரையின் குரல்

காலை பத்து மணிக்கு மலாக்காவின் ரெம்பியா பக்கத்து வானம் கறுத்துவிட்டால் அந்த ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே கவலைதான். மரங்களில் கட்டியிருக்கும் மங்குக் கிண்ணங்களில் பால் நிறைந்து நிற்கும். மழைத் தண்ணீர் கலந்தால் அது வீண். அதற்குள் மரத்துக்கு மரம் ஓடி, மங்கைக் கவிழ்த்து, வாளியை நிரப்பியாக வேண்டும்.

தனக்கு ஒதுக்கிய மரவரிசையை, அதாவது நிரையை, முடித்தவர்கள் முடிக்காதவர்களுக்குக் கை கொடுப்பது வழக்கம். கை வேண்டுமென்றால் உள்ளங்கைகளை வாயருகே குவித்து நீளமாக ஒரு கூவல் கொடுக்க வேண்டும். பாம்பைக் கண்டாலும், பள்ளத்தில் விழுந்தாலும் அதே கூவல்தான். கேட்டவர் பதிலுக்குக் கூவிவிட்டு ஓடி வருவார். பதில் கூவல் கேட்டாலே பாதி பயம் போய்விடும்.

மரியசெல்வி கூவினால் ஒரு பதில் வராது, நாலைந்து வரும். அவள் அவ்வளவு அழகு. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆனவள் என்று தெரிந்தும் இளவட்டங்கள் தங்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் வாளியைத் தூக்க வருவார்கள். பெண்களும் வருவார்கள். அழகான ஒருத்திக்கு உதவி செய்தால் தங்கள் மேலும் கொஞ்சம் வெளிச்சம் படும் என்று அவர்களுக்குத் தோன்றியதோ என்னவோ.

பக்கத்து நிரை மீனம்மாவுடையது. மீனம்மாவுக்குப் பெரிய பல், கட்டைக் குரல். அவள் கூவினால் யாரோ ஒருவர் வருவார், வந்தும் "செல்வி முடிச்சிட்டாளா?" என்று கேட்பார். மீனம்மா சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். அந்தச் சிரிப்புக்குக் கீழே சிறு முள் ஒன்று கிடந்தது. அது இருப்பது அவளுக்கே தெரியாது. மரியசெல்வி அவளுக்கு உயிர்த்தோழி. பிரசவத்தில் மீனம்மா படுத்துக் கிடந்தபோது நாற்பது நாளும் சோறு பொங்கிக் கொடுத்தவள் மரியசெல்விதான். அவள் முகத்தைப் பற்றிப் பேசிய தோட்டம் இந்த மாதிரிக் காரியங்களைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

பால் உறையப் போடும் திராவகச் சாடி ஸ்டோரில் வெடித்தபோது அருகில் நின்றது மரியசெல்வி. இடது கன்னமும் கழுத்தும் வெந்தன. ஒரு கண் பாதி மூடிக்கொண்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பிய வாரம் தொழிலாளர் குடியிருப்பான லயமே திரண்டு வந்தது. கஞ்சி, முட்டை, பன் ரொட்டி என்று யார் யாரோ கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசினார்கள். அடுத்த வாரம் பாதிப்பேர் வந்தார்கள். அதற்கடுத்து யாரும் வரவில்லை. புருஷன் கிளீட்டஸ் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி மரப்பெட்டிக்குள் வைத்தான். அவள் மனசு நோகக் கூடாதென்றுதான் என்றான். ஆனால் சாப்பிடும்போது அவன் வாசல் பக்கம் திரும்பி உட்காரத் தொடங்கியிருந்தான். கண்ணாடி இல்லாத வீட்டில் அவன் முதுகே அவளுக்குக் கண்ணாடியாக இருந்தது.

மரியசெல்வி மறுபடி வேலைக்கு வரத் தொடங்கியபோது மீனம்மாவும் மாறினாள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சேர்ந்து நடந்தவள், பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் பிந்திப் போனாள். மாலையில் குழாயடிக்கு முந்திப் போனாள். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது, ஒவ்வொன்றும் உண்மையாகவும் இருந்தது. தோழியை விட்டு விலகுகிறோம் என்று ஒருமுறைகூட அவள் தனக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. விலகுகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. பால் குறைவாகக் கொண்டுவருகிறவர்களின் பெயர்தான் முதலில் வெட்டப்படும் என்று லயத்தில் பேச்சு. அப்படி ஒரு காலையில் வானம் கறுத்தது.

மீனம்மா பாதி நிரையில் இருந்தாள். அப்போது மரியசெல்வியின் கூவல் கேட்டது.

மீனம்மா நிமிர்ந்தாள். எதிர்ச் சரிவில் அகதாவும் நிமிர்ந்து நின்றது தெரிந்தது. அகதா நடுவயதுக்காரி, மரியசெல்வியோடு ஒரே ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவள். அவள் மீனம்மாவைப் பார்த்தாள். மீனம்மா அவளைப் பார்த்தாள். இருவரும் நகரவில்லை. அகதா அவசரப்படவில்லையே, அப்படியானால் ஒன்றும் இருக்காது என்று மீனம்மா நினைத்தாள். மீனம்மாவின் முகத்தைப் பார்த்து அகதாவும் அதையேதான் நினைத்தாள். மழைக்குக் கை கேட்கிறாள், வேறென்ன? அவளுக்கு வருகிறதற்கா ஆளில்லை?

இரண்டாவது கூவல் நீளமாக வந்தது, நடுவில் உடைந்தது. மீனம்மாவின் மனத்துக்குள் கிடந்த முள் அப்போதுதான் தலை தூக்கியது. இன்னும் பழைய செல்வி என்று நினைப்பு, கூப்பிட்டால் ஊரே ஓடிவரும் என்று. ஒரு நாள் தானே தூக்கிப் பார்க்கட்டும். அந்த நினைப்பு இனித்தது. இனித்ததை அவள் கவனித்தாள். கவனித்தும் அடுத்த மரத்துக்குப் போய் மங்கைக் கவிழ்த்தாள்.

மூன்றாவது கூவல், கூவல் மாதிரியே இல்லை. அதற்குள் மழை இறங்கிவிட்டது.

பால் நிறுக்கும் இடத்தில் கங்காணி காளிமுத்து மரியசெல்வியின் பெயரைச் சொல்லித் திட்டினார். புருஷன் ஸ்டோரில் இருக்கிறானே, அவன் போய்ப் பார்ப்பான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மனைவி பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு லயத்துக்குப் போயிருப்பாள் என்று கிளீட்டஸ் நினைத்துக்கொண்டிருந்தான். மழை விட்ட பிறகுதான் தேடினார்கள்.

வாய்க்கால் ஓரம் கிடந்தாள். கணுக்காலில் பாம்புப் பல் பதிந்திருந்தது. தலைத்துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே கட்டியிருந்தாள். கடிபட்ட இடத்திலிருந்து ஈர மண்ணில் அவள் ஊர்ந்துவந்த தடம் இருந்தது. அது ரோட்டுப் பக்கம் போகவில்லை. மீனம்மாவின் நிரையைப் பார்த்து வந்து, அந்த நிரையின் கடைசி மரத்தை எட்டும் முன்பே நின்றுபோயிருந்தது.

மூச்சு இருந்தது. அப்போது தூக்குவதற்குப் போட்டி. நீ விடு, நான் பிடிக்கிறேன் என்று ஆண்கள் முண்டியடித்தார்கள். தோட்டத்து மருந்துக்கொட்டகை வாசலுக்கு வரும்போது மூச்சு நின்றுவிட்டது.

மருந்துக்கொட்டகையைக் கவனிக்கும் டிரசர் கனகரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கூடி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை கூப்பிடேல்லையோ?"

பிறகு அகதாதான் வாயைத் திறந்தாள். "கூப்பிட்டாங்க ஐயா. மீனம்மா பக்கத்துலதான் இருந்துச்சு. அது போவும்னு நெனச்சேன்."

"அக்கா சும்மா நின்னாங்க" என்றாள் மீனம்மா. "அதான் ஒண்ணுமில்லன்னு..."

தனக்கும் கேட்டதாக இன்னும் சிலர் சொன்னார்கள். எல்லாருக்கும் கேட்டிருந்தது. "ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தா மலாக்காவுக்கு ஏத்தியிருப்பன்" என்று சொல்லிவிட்டு டிரசர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடக்கத்துக்கு இரண்டு தோட்டத்து ஜனங்கள் வந்தார்கள். பெட்டியை மூடும் முன் கடைசியாக முகத்தைக் காட்டலாமா என்று உபதேசியார் கேட்டார். வேண்டாம், மூடியே இருக்கட்டும் என்றாள் அகதா. கிளீட்டஸ் தலையசைத்தான். மூடிய பெட்டியின் மேல் விழுந்து, எப்பேர்ப்பட்ட அழகு, ராணி மாதிரி இருந்தாளே என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். கடைசி வரையிலும் அவர்கள் அழுதது அந்தப் பழைய முகத்துக்காகத்தான்.

மீனம்மா அழவில்லை. உலகத்தில் ஒருத்திக்குத் தன் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்ததே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தடம் தன்னைத் தேடி வந்துகொண்டிருந்தபோது, தான் இனிப்பை ருசித்துக்கொண்டிருந்ததையும் நினைத்துக்கொண்டிருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் இருக்கிற மதமாவது அவளுடையதாக இருந்திருக்கலாம்.

மரியசெல்வியின் நிரை அஞ்சலைக்குப் போனது. அம்மைத் தழும்பு முகம், யாரோடும் ஒட்டாத சிடுசிடுப்பு. லயத்தில் ஒருவருக்கும் அவளைப் பிடிக்காது. மீனம்மாவுக்கும் பிடிக்காது. ஒரு மழைக்காலைப் பொழுதில் அஞ்சலை கூவினாள்.

மீனம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாளிகள் தொங்கிய காண்டாக் கழியைத் தோளிலிருந்து அப்படியே நழுவவிட்டாள். இரண்டு வாளிப் பாலும் சரிவில் வெள்ளையாக ஓடியது. பதில் கூவிக்கொண்டே விழுந்தடித்து ஓடினாள்.

அஞ்சலையின் வாளிக் கம்பி அறுந்திருந்தது. அவ்வளவுதான்.

"இதுக்கா இப்படி ஓடி வந்தே?" என்றாள் அஞ்சலை, நன்றி சொல்லக்கூடத் தெரியாமல்.

பெண்கள் சிரித்தார்கள். கங்காணி மீனம்மாவுக்கு அரைப்பேர் போட்டு, அன்றைய கூலியில் பாதியை வெட்டினார். மறுநாள் முதல் அது தோட்டத்துக்கு விளையாட்டாகிவிட்டது. பொழுது போகாதபோது யாராவது மறைந்து நின்று கூவுவார்கள். மீனம்மா ஓடி வருவாள். வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவாள். அடுத்த கூவலுக்கும் வருவாள். புத்தி கலங்கிவிட்டது, செத்தவள் பிடித்துக்கொண்டாள் என்று பேசினார்கள்.

ஒரு நாள் அப்படி ஓடிவந்து மூச்சிரைக்க நின்றபோது அகதாவுக்கே பொறுக்கவில்லை. சிரித்தவர்களை அதட்டினாள். பிறகு மீனம்மாவிடம், "ஏன் மீனம்மா, வெளையாட்டுக்குத்தான் கூவுறாளுங்கன்னு ஒனக்குத் தெரியும்லா? பின்ன ஏன் ஓடியார?" என்று கேட்டாள்.

"அன்னிக்கும் நமக்கு எல்லாம் தெரியும்னுதானே அக்கா நின்னோம்?"

அகதா தலைகுனிந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மீனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்:

"நம்மில ஒருத்திக்கு மட்டும் அவ கொரல் கேட்டிருந்தா அவ பொழைச்சிருப்பா. எல்லாருக்கும் கேட்டதுனாலதான் செத்தா. இனிமே யார் கூப்பிட்டாலும், அழகோ அசிங்கமோ, புடிச்சவளோ புடிக்காதவளோ, அடுத்தவ மூஞ்சியைப் பாக்காதீங்க. ஒங்களுக்கு மட்டுந்தான் கேட்டுச்சுன்னு நெனைச்சு ஓடுங்க."