அடிக்காத இன்ஸ்பெக்டர்

...காலையில் வந்தவன் நடிகன்தான், வேறு யாராக இருக்க முடியும், நிஜப் போலீஸ் எந்த ஊரில் வாசலில் பூட்ஸைத் துடைத்துவிட்டு, அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறது, என்று முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே ராசம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாரமாக இதே கூத்துதான். மூடிக்கிடந்த அரிசி மில்லுக்கு மலையாளத்தில் போர்டு மாட்டி ஸ்டேஷனாக்கி, தெருவே ஒரு டிவி முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்த அந்தப் பழைய போலீஸ் தொடரைத் திரும்ப எடுக்கிறார்கள். கிணற்று மோட்டாரைக் காணோமென்று சின்னையன் அங்கே போய்ப் புகார் சொல்ல, காக்கி மாட்டிய துணை நடிகர்கள் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்களாம், நிஜ ஸ்டேஷனில் அதுகூடக் கிடையாது. ஆனால் அந்தக் காலத்து இன்ஸ்பெக்டர்... அந்த மீசையென்ன, ஒரு அறை விட்டால் திருடன் பாட்டன் பேர் வரைக்கும் கக்குவானே. புது இன்ஸ்பெக்டர் கையையே ஓங்கமாட்டாராம், பால் ஊற்றாத கட்டன்சாயா குடித்துக்கொண்டு நைசாகப் பேசியே உண்மையை வாங்கிவிடுவாராம், உதவி இயக்குநர் ஜிஜோ சொன்னான். "அடிக்கிற போலீஸை இப்பத்த பசங்க பார்க்க மாட்டாங்க சேச்சி." அடிக்காத போலீஸை மட்டும் யார் பார்ப்பார்கள், அதற்கு ஒரு வாத்தியார் கதையை எடுத்துவிட்டுப் போகலாமே...

காலையில் ஜீப்பில் வந்து இறங்கியவனும் அப்படித்தான், கட்டன்சாயா குடித்தான், பக்கத்து வீட்டைப் பார்த்தான், செல்லாத்தாள் அக்கா பையன் இப்ப ஊர்ல இல்லையோ என்றான். தேர்த்திருவிழா அடிதடியில் ஒருத்தன் தாடை உடைந்து, கேஸில் பேர் ஏறி, அவள் மகன் கோபிநாத் மறைந்துபோனது தெருவுக்கே தெரியும், எங்கே என்பது ராசம்மாளுக்கு மட்டும்தான் தெரியும், செல்லாத்தாளுக்குப் போனில் மெதுவாகப் பேச வராது. நடிகனுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு நொடி உறுத்தியது... தொடரில் சேர்ப்பார்களாயிருக்கும், தன்னையும் ஒரு காட்சியில் நிறுத்துவார்களாயிருக்கும். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஏனுங் தம்பி, ஆனைமலைல மாமன் தோப்புலதானுங்க இருக்கறான், பொள்ளாச்சி பஸ் ஏறுனா ஆச்சு" என்று கையை நீட்டி நடித்தே காட்டினாள். அவன் சிரிக்கவில்லை. நல்ல நடிப்பு என்று நினைத்தாள்.

இப்போது ஜிஜோ ஒயரைச் சுருட்டிக்கொண்டு போகிறான். உங்க இன்ஸ்பெக்டர் ஊட்டுக்கே வந்து ரிகர்சல் பண்றாரே கண்ணு என்றால், விழிக்கிறான். "ஹீரோ இன்னும் ஊருக்கே வரலை சேச்சி. இன்னைக்கு ஷூட்டும் இல்ல." பொய்யாயிருக்கும், கூட்டம் கூடுமென்று நடிகனை ஒளித்துவைத்திருப்பார்கள், சினிமாக்காரன் எதைத்தான் நேராகச் சொன்னான்... ஆனால் அந்த ஜீப் மில் பக்கம் திரும்பவில்லையே, பொள்ளாச்சி ரோட்டில் அல்லவா போனது, டீசல் போடவாக இருக்கும், ஆமாம், டீசல்...

"ஏனக்கா, காலைல உங்க ஊட்டு முன்னால போலீஸ் ஜீப்பு நின்னுச்சாமா?" மதிலுக்கு அந்தப் பக்கம் செல்லாத்தாள், காதில் போன். சொல்லிவிட்டால் பையன் இப்போதே தோப்பை விட்டுக் கிளம்பிவிடுவான், சொன்னால் யார் காட்டிக்கொடுத்தது என்றும் சொல்ல வேண்டும்... "அது சினிமாக்காரங்க கண்ணு," என்றது வாய். செல்லாத்தாள் போனுக்குள், "போலீசு இல்லியாம் சாமி, சினிமாக்காரங்களாம். நீ எங்கயும் போவேண்டாம், அங்கயே இரு" என்றாள். ராசம்மாள் மதிலைப் பிடித்தபடி நின்றாள். இத்தனை வருஷத்தில் தான் சொன்ன ஒன்றை, ரெண்டு பேரிடம் விசாரிக்காமல் செல்லாத்தாள் அப்படியே நம்பியது இதுதான் முதல் தடவையோ...